பச்சைக் குறியை நம்பிய ஆறு ஆண்டுகள்

தங்கை மகள் திருச்சியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, என் ஆய்வேட்டை நீங்கள் வைத்திருக்கிற அந்த மேகச் சேமிப்பில் போட்டு வைக்கலாமா? கணினி, லேப்டாப், செல்பேசி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்குமாமே?"

அந்த 'இருக்குமாமே' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நிறுவனத்தின் நினைவூட்டலும் அன்று காலையில்தான் வந்திருந்தது. அவளுக்கு நாலு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை.

நம் கோப்புகளை இணையம் வழியாக வாங்கித் தன் கணினிகளில் வைத்துக்கொள்ளும் அந்த மேகச் சேமிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு வேறு நிறுவனங்களுக்குப் பணம் கட்டும் நண்பர்களும் பெயரை மட்டும் மாற்றி இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கூகுள் 15 ஜிபி, மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் ஆளுக்கு 5, டிராப்பாக்ஸ் 2 என்ற இலவசக் கணக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்கு இடம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். திருத்தும் கோப்புகள் சிறியவை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பழைய பதிப்புகளின் ஸ்கேன்கள்தான் இடத்தை அடைக்கும். அதற்காகத்தான் 100 ஜிபி திட்டத்துக்குப் போனேன். அதில் பாதிகூட நிறையவில்லை.

என் சண்டை எல்லாம் அந்தப் பச்சைக் குறியோடுதான்.

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை வட்டம், அதற்குள் ஒரு சரிக் குறி. 'உங்கள் கோப்பு பத்திரமாக மேலே போய்விட்டது' என்று அதற்கு அர்த்தம். அப்படித்தான் முதல் இரண்டு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும் என்றால், மெய்ப்புத் திருத்துபவனுக்கு டிசம்பரில் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு டிசம்பரில் கல்வெட்டுகள் பற்றிய நூல் ஒன்றின் மூன்றாம் மெய்ப்பைத் தஞ்சாவூரில் வீட்டுக் கணினியில் நள்ளிரவு வரை திருத்தினேன். 140 பக்கம் முடிந்தது. சேமித்தேன். பச்சைக் குறி இருந்தது. கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் சோழன் விரைவு ரயிலில் சென்னைக்குப் பயணம். மீதியை வழியில் பார்த்துவிடலாம் என்று கும்பகோணம் தாண்டியதும் செல்பேசியில் கோப்பைத் திறந்தேன். அங்கேயும் பச்சைக் குறி. உள்ளே போனால் 92ஆம் பக்கத்தோடு திருத்தம் நின்றிருந்தது. முதல் நாள் மாலை காப்பி குடிக்க எழுந்தபோது சேமித்த வடிவம் அது. இரவு உட்கார்ந்து திருத்திய 48 பக்கங்களைக் காணவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாக் கருவிகளிலும் கோப்பை ஒன்றுபோல வைத்திருப்பது ஒத்திசைவுச் செயலியின் வேலை. நான் சேமித்ததைக் கணினியில் இருக்கும் அந்தச் செயலி கவனிக்கவே சில விநாடிகள் ஆகும். அதுவரை அங்கே தெரியும் பச்சைக் குறி முந்தைய சேமிப்புக்கு உரியது. நானோ சேமித்த கையோடு கணினியை அணைத்துவிட்டேன். ஆக, குறி பொய் சொல்லவில்லை. பழைய உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தவறில் பாதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தக் குறிக்குப் பக்கத்தில் 'இரவு 7.10 நிலவரம்' என்று ஒரு நேரத்தைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஐம்பது காசு அஞ்சலட்டையில் குத்தும் தபால் முத்திரையில்கூடத் தேதி இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் வாங்கும் நிறுவனத்தின் முத்திரையில் இல்லை. வலது பொத்தானை அழுத்தி, மெனுவைத் திறந்து, விவரங்களுக்குள் போனால் நேரம் கிடைக்கும் என்று அவர்களுடைய உதவிப் பிரிவிலிருந்து பதில் வந்தது. 200 கோப்புகளுக்கும் அப்படிப் போய்ப் பார்ப்பதென்றால் மெய்ப்பை எப்போது பார்ப்பது?

செல்பேசியின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொடங்கி, தொடாமல் கிடக்கும் செல்பேசி உறக்கநிலைக்குப் போய்விடும். பின்னணியில் வேலை செய்ய விரும்பும் செயலிகளுக்கு அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் கதவைத் திறந்துவிடும். பேட்டரி மிஞ்சுகிறது, நல்லதுதான். அதற்கு மேல் செல்பேசி தயாரிப்பவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு சிக்கன ஏற்பாட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். என் செல்பேசியில் அது மாமியார் வீட்டு அடுக்களைக் கண்டிப்பு. பேட்டரி அமைப்புகளுக்குள் போய், ஒத்திசைவுச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று அனுமதி கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தது. மறுநாள் பார்த்தால் கொடுத்த அனுமதியைக் காணோம். இப்போது ஊருக்குக் கிளம்பும்முன் பால்காரருக்கு வேண்டாமென்று சொல்வது, எரிவாயுவை மூடுவது, இந்த அனுமதியைச் சரிபார்ப்பது என்று என் பட்டியல் நீண்டுவிட்டது.

ரயிலுக்கே திரும்புகிறேன், வினை அங்கே முடியவில்லை. கிடைத்ததை வைத்துத் திருத்துவோம் என்று அந்தப் பழைய வடிவத்திலேயே 141ஆம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். கொள்ளிடம் பாலத்தருகே சிக்னல் போனது, வந்தது, மறுபடி போனது. வீட்டுக்குத் திரும்பிக் கணினியைப் போட்டதும் கோப்புறையில் இரண்டு கோப்புகள். ஒன்று வழக்கமான பெயரோடு. மற்றொன்றின் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயர், தேதி, 'முரண் நகல்' என்ற பட்டம். ஒன்றில் 140 வரை திருத்தம், மற்றதில் 92 வரையும் 141க்கு மேலும். வேர்டில் இரண்டையும் ஒப்பிடும் வசதியை வைத்து ஒன்றாக்க மூன்று இரவு பிடித்தது. ஒற்று மிகுவதும் மிகாததுமாக நூற்றுக்கணக்கான சிவப்புக் கோடுகள். எந்த 'க்'கை நான் வேண்டுமென்றே எடுத்தேன், எது இன்னும் எடுக்கப்படாதது என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

இதில் நியாயமும் பேச வேண்டும். முரண் நகல் என்பது அந்தச் செயலி செய்யும் நேர்மையான காரியங்களில் ஒன்று. வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டியது. உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒத்திசைப்பவனுக்கு மூட்டை மாறியிருக்கிறது என்பது தெரியும். எந்த வரியில் எந்தக் காற்புள்ளி மாறியது என்பது தெரியாது. இரண்டு மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி எறிவதைவிட இரண்டையும் கையில் கொடுத்து, 'நீயே பார்த்துக்கொள்' என்று சொல்வது மேல். இணையத்திலேயே திறந்து பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஆவணங்களில் இந்தத் தொல்லை இல்லை என்பதும் உண்மை. ஆனால் நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் எதை எங்கே மாற்றினேன் என்ற திருத்தத் தடம் வேர்டில் தெரிய வேண்டும். அவர்கள் கேட்பதைத்தான் நான் கொடுக்க முடியும்.

இனி, ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் அறியாத துன்பம் ஒன்று உண்டு. என் கோப்புறையில் ஒருநாள் 'சோழர் கோவில்கள்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. முரண் நகல் என்ற பட்டமும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாதே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரும் யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு வகையாக எழுதலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கோ'தான். ஆப்பிளின் மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. சில தட்டச்சுச் செயலிகளும் பிரித்தே தட்டும். நூலாசிரியர் மேக் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றே என்று கொள்ள வேண்டும் என யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் ஒப்பிடும்முன் செயலி அந்த விதியைப் பார்த்திருக்க வேண்டும். என் செயலி பார்க்கவில்லை. ஒன்றில் ஆசிரியர் சேர்த்த பின்னிணைப்பு, மற்றதில் என் திருத்தம். இதற்கும் பச்சைக் குறி, அதற்கும் பச்சைக் குறி.

பெயரின் நீளத்திலும் ஒரு பாடம் படித்தேன். 'திருவையாறு வட்டாரக் கல்வெட்டுகளில் நீர்ப்பாசனச் சொற்கள் மூன்றாம் மெய்ப்பு ஆசிரியர் திருத்தத்துடன்' என்று ஒரு கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தேன். விண்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது. செல்பேசியில் எத்தனை முறை பதிவிறக்கினாலும் இறங்கவில்லை. ஏன் என்ற விளக்கமும் இல்லை. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை தரும். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் 255 பைட் தரும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. விரல்விட்டு எண்ணினேன்: இடைவெளிகளை விட்டு 89 குறியீடுகள், 267 பைட். 'ஆசிரியர் திருத்தத்துடன்' என்பதை நீக்கியதும் கோப்பு சமர்த்தாக இறங்கியது. இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

லேப்டாப்பில் கோப்புகள் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இருக்காது. பக்கத்தில் ஒரு சின்ன மேகம் தொங்கும். திறந்தால்தான் இறங்கும். இணையம் இல்லாத இடத்தில் திறந்தால் கடைக்காரர் பூட்டிவிட்டுப் போன கடையின் பெயர்ப் பலகைதான். 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. குறிக்க மறந்தது நான்.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்லாவிட்டால் அது பாவம். போன கோடை விடுமுறையில் தங்கை மகன், அதாவது கேள்வி கேட்டவளின் தம்பி, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். என் செல்பேசியில் ஏதோ விளையாட்டை இறக்க இடம் போதவில்லை. நல்ல பிள்ளை, என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவனே பார்த்து, பெரிதாக இருந்த ஒரு கோப்புறையை நீக்கிவிட்டான். ஒத்திசைவு என்றால் சேர்ப்பதில் மட்டுமா? நீக்குவதிலும் அவ்வளவு விசுவாசம். ஆறு ஆண்டு உழைப்பு மூன்று கருவிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் போனது. அன்றைக்கு மட்டும் அது தாமதிக்கவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கை நடுங்க இணையதளத்துக்குள் போனேன். குப்பைத்தொட்டியில் எல்லாம் அப்படியே இருந்தது, 30 நாள் வரை இருக்கும் என்ற குறிப்போடு. மீட்கச் சொன்ன இருபது நிமிடத்தில் கோப்புறை திரும்பிவிட்டது. அதோடு ஒரு புதையலும் கிடைத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் பழைய வடிவங்கள், நேரத்தோடு வரிசையாக. நான் தவறாக அழித்துவிட்டு நாள் கணக்கில் நொந்துகொண்டிருந்த ஓர் அடிக்குறிப்பை, மூன்று வாரத்துக்கு முந்தைய வடிவம் ஒன்றிலிருந்து எடுத்தேன். அன்றிரவு அந்த நிறுவனத்தை மனதார வாழ்த்தினேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இங்கே அணைத்த கை இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு முரண் நகலைக் கொடுத்தது.

மருமகளுக்கு என் பதில்: வேண்டாம். ஆய்வேட்டை அதில் மட்டும் நம்பி வைக்காதே. வைத்தே தீருவேன் என்றால் கணினியில் வேர்டை மூடாமல் செல்பேசியில் திருத்தாதே, அணைக்கும்முன் இரண்டு நிமிடம் பொறு, கோப்புக்குச் சின்னப் பெயராக வை, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பென் டிரைவில் நகல் எடு. நீக்கியது 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும், தம்பியை உன் செல்பேசிப் பக்கம் விடாதே.

"அப்படியென்றால் நீங்கள் சந்தாவை நிறுத்திவிட்டீர்களா மாமா?" என்று கேட்டாள்.

காலையிலேயே கட்டிவிட்டேன். ஓராண்டுக்கு.

கல்வெட்டு நூலின் இறுதி மெய்ப்பு அச்சகத்துக்கு எப்படிப் போனது என்பதையும் அவளிடம் சொன்னேன். மேகத்திலிருந்து இணைப்பு எடுத்து அனுப்பினேன். அச்சகத்துக்காரர் உடனே கூப்பிட்டார்: "லிங்க் எல்லாம் எனக்குத் திறக்காது ஐயா. வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள்." போட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பக்கத்தில் நேரமும் இருந்தது.