ஸ்பீக்கர் கரகரப்பு: ஃபோம் டேப்பா, குளூ கன்னா, சிலிகானா?

பாட்டில் தவில் நுழையும்போதெல்லாம் என் புளூடூத் ஸ்பீக்கர் 'ஜிர்ர்' என்று சிணுங்கியது. அடியிலிருந்த ரப்பர் பாதங்களை நெம்பினால் நான்கு திருகுகள். கழற்றிவிட்டு, காலாவதியான ஏடிஎம் அட்டையை இடுக்கில் செருகித் திறந்தேன். பட்டன்களுக்குப் போகும் ரிப்பன் கேபிள் குட்டை, அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் எது ஆடுகிறது என்று தெரிய வேண்டுமே. கைப்பேசிச் செயலி ஒன்றில் ஒற்றை ஒலியை 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். 140-இல் பிடிபட்டது. கம்பி வலை, சர்க்யூட் போர்டு என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். பேட்டரியை அழுத்தியதும் சத்தம் நின்றது. அதைப் பிடித்திருந்த டேப் சருகாகக் காய்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஃபோம் டேப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. அமுங்கிக் கொடுப்பதால் அதிர்வை விழுங்கிவிடும். நாளை பேட்டரியை மாற்றும்போது உரித்தும் எடுக்கலாம். ஒரு மில்லிமீட்டர் தடிமன் போதும். தடித்ததை வைத்து மூடியை அமுக்கினால் பேட்டரி நசுங்கும். லித்தியத்திடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

குளூ கன் மலிவு, வேகம். ஆனால் உருகிய பசையின் சூட்டைப் பேட்டரியில் காட்டக் கூடாது. ஆறி இறுகியபின் அது ஃபோம்போல் அதிர்வை உள்வாங்குவதுமில்லை. ஸ்பீக்கர் கோனின் (அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பின்) முதுகில் உரசும் ஒயரை ஓரமாகக் கட்டிப்போட மட்டும் ஒரு சொட்டு விடலாம். பிடிக்காவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவினால் பெயர்ந்து வந்துவிடும்.

சிலிகான் பசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கும் பல வகைகள் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசெட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் அதை விடுவது சர்க்யூட்டுக்கு மெல்ல விஷம் வைப்பதுதான். வாடையில்லாத நியூட்ரல் வகையைப் பெட்டியின் விளிம்பில் பூசலாம், அதுவும் ஒரு நாள் காய வேண்டும். பூசினாலும், ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற ஐபிஎக்ஸ்7 தகுதியை இனி நம்பாதீர்கள்.

கோனை இரு பக்கமும் சமமாக அழுத்தும்போது 'சரக்' என்று உரசினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) தேய்கிறது என்று பொருள். அதற்கு மூன்றுமே உதவாது. டிரைவரைத்தான், அதாவது கோனும் சுருளும் சேர்ந்த பாகத்தையே, மாற்ற வேண்டும்.

நான் பேட்டரிக்கு இரண்டு துண்டு ஃபோம் டேப்பும், ஒயருக்கு ஒரு சொட்டுப் பசையும் வைத்தேன். 140-இல் இப்போது மௌனம். 210-இல் மட்டும் கம்பி வலை லேசாக முனகுகிறது; அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.