பனியில் விலங்குத் தடம் படிக்கும் நடைகள்: பல குளிர்காலம் போய்வந்த அனுபவம்

குளிர்காலத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போய் விலங்குத் தடம் கற்றுத்தரும் நடைகளுக்குச் சில வருடங்களாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். அரை நாள் நடையும் போயிருக்கிறேன், மலைக்குடிலில் தங்கி நாள் கணக்கில் நடந்ததும் உண்டு. போகலாமா, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தகும், ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நல்ல தடம் ஒன்று கிடைத்ததும் வழிகாட்டி எந்தப் பக்கம் நடப்பார், விலங்கு போன திசையிலா, அது வந்த திசையிலா? வந்த திசையில், அதாவது தடத்தைப் பின்னோக்கி நடத்திக் கூட்டிப்போகிறவர்களிடம்தான் நான் உருப்படியாகக் கற்றிருக்கிறேன்.

ஏன் என்றால், முன்னோக்கிப் போனால் எல்லார் மனதிலும் ஒரே நினைப்புதான், விலங்கைப் பார்த்துவிட வேண்டும். கால் வேகம் எடுக்கும், கண் தூரத்துக்குப் போகும், தரையை யாரும் பார்ப்பதில்லை. பின்னோக்கிப் போகும்போது விலங்கு அங்கே இல்லை என்று தெரியும், அதனால் அது என்ன செய்தது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். விலங்குக்கும் தொந்தரவு இல்லை. ஒரு ராத்திரியில் அது நின்ற இடம், மோந்த இடம், படுத்த இடம், தின்ற இடம் எல்லாம் தலைகீழ் வரிசையில் வரும், அதை மனதுக்குள் நேராக்கிக்கொண்டே நடப்பதுதான் பயிற்சி.

செந்நரித் தடத்தில்தான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள், அது சரியான தேர்வு. நரி நிதானமான ஓட்டத்தில் போகும்போது முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் விழும், அதனால் நாலு காலும் சேர்ந்து நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையாகத் தெரியும். நாயின் தடத்திலிருந்து பிரிக்க எனக்குக் காட்டிய வழி இது: முன் விரல்கள் இரண்டுக்கும் பக்க விரல்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், நரி என்றால் எந்த விரலிலும் படாமல் இருக்கும், நாய் என்றால் பெரும்பாலும் இடிக்கும். ஆனால் ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு சொல்லாதவர்தான் நல்ல வழிகாட்டி. நாய் வளைந்து நெளிந்து சக்தியைப் பற்றிக் கவலையில்லாமல் ஓடும், வீட்டில் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. நரிக்கு அந்த வசதி கிடையாது, அது நடக்கிற விதத்திலேயே சிக்கனம் தெரியும். இனப்பெருக்கக் காலம் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் அந்த மாதங்களில் நரி மூத்திரத்தின் காட்டமான வாடை அடிக்கும், சில நாள் தடத்தைப் பார்க்கும் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முறை அப்படி ஒரு நரி வரிசையைப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நரி போன வரிசையிலேயே சொல்கிறேன்: ஒரு திறந்த வெளியில் தடங்கள் நெருங்கி நெருங்கி வந்தன, அப்புறம் நாலு காலும் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற குழி, அதற்குப் பின் ஒரு ஆள் நீளத்துக்குமேல் எதுவுமே இல்லாத வெண்பனி, அதைத் தாண்டி முகமும் முன்காலும் புதைந்த ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் கிளறிவிட்ட காய்ந்த புல். பின்னோக்கி வந்ததால் நாங்கள் பள்ளத்தை முதலில் பார்த்தோம், தயங்கி நடந்த நடையைக் கடைசியில் பார்த்தோம். வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களையே கதை சொல்லவிட்டார். பனிக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில், வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும், அங்கேதான் வோல் எலிகள் சுரங்கம் போட்டு முழுக் குளிர்காலத்தையும் ஓட்டுகின்றன. நரி காதால் அந்தச் சலசலப்பைப் பிடித்து மேலிருந்து பாய்கிறது. செக் குடியரசில் நரிகளைக் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அவை இப்படிப் பாயும்போது வடகிழக்குத் திசையை அதிகம் தேர்ந்தெடுக்கின்றன, அந்தத் திசைப் பாய்ச்சலில்தான் இரையும் அதிகம் சிக்குகிறது என்று எழுதியிருந்தார்கள், பூமியின் காந்தப்புலம் உதவுகிறது என்பது அவர்கள் கருத்து. அன்றிலிருந்து பாய்ச்சல் பள்ளம் கிடைத்தால் திசைகாட்டியை எடுத்துப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

முயல் தடம் எல்லாரையும் ஏமாற்றும். முன்கால் இரண்டும் சிறியதாக ஒன்றன்பின் ஒன்றாக விழும், பெரிய பின்கால்கள் அவற்றைத் தாண்டி முன்னால் வந்து பக்கத்தில் பக்கத்தில் பதியும். திசை தெரியாதவர் அதை அப்படியே தலைகீழாகப் படிப்பார். அணிலும் கிட்டத்தட்ட இதே மாதிரித் தாவும், ஆனால் அதன் முன்கால்கள் அருகருகே விழும், தடமும் மரத்தில் ஆரம்பித்து மரத்தில் முடியும். கடித்த கிளையும் நிறையச் சொல்லும். முயல் கடித்த குச்சியின் நுனி கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கவ்வி இழுத்துத்தான் பிய்க்கும், அதனால் அது தின்ற நுனி நார் நாராகக் கிழிந்து நிற்கும். இதைக் கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகு மறக்கவே மறக்காது.

தடத்தின் வயதைச் சொல்வதுதான் இருப்பதிலேயே கடினம். மிதிபட்ட பனி இறுகிக் கெட்டியாகும், விளிம்பு மெல்ல மழுங்கும், ராத்திரி தெளிவான வானம் என்றால் குழிக்குள் உறைபனி ஊசிகள் முளைக்கும், அவை உடையாமல் இருந்தால் அதற்குப்பின் யாரும் அதை மிதிக்கவில்லை. காற்று அடித்தால் சுற்றியுள்ள தளர்ந்த பனி பறந்துபோய், இறுகிய தடம் மட்டும் சின்ன மேடையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், முதல் தடவை பார்ப்பவருக்கு அது தடம் என்றே தோன்றாது. வெயில் பட்ட சரிவில் தடம் உருகி அகலும், நரியின் கால் ஓநாய் கால் அளவுக்கு ஆகிவிடும். அதனால் உற்சாகத்தில் பெரிய பேராகச் சொல்வதற்குமுன், அதே வரிசை நிழலுக்குள் போகும் இடம்வரை நடந்து அங்கே அளந்து பார்க்க வேண்டும். அளவுகோல் இல்லாமல் வருகிற வழிகாட்டியை எனக்கு நம்பத் தோன்றவில்லை.

ஓநாய், லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இரண்டும் எல்லாரும் கேட்கிற விஷயம். ஆல்ப்ஸில் லின்க்ஸை 1971இல் சுவிட்சர்லாந்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், ஓநாய் இத்தாலியிலிருந்து தானாகப் பரவி 1992இல் பிரான்ஸின் மெர்கந்தூர் பகுதியில் மறுபடி தென்பட்டது, ஆக இந்த நடைகளில் இவற்றின் தடம் கிடைக்கும் இடங்கள் இன்று நிஜமாகவே இருக்கின்றன. லின்க்ஸ் தடம் வட்டமாக, நகம் தெரியாமல், பாதத்தில் அடர்ந்த முடியால் விளிம்பு மங்கி இருக்கும். ஓநாய்க் கூட்டம் ஆழமான பனியில் ஒன்றன் தடத்தில் ஒன்று கால் வைத்து நடக்கும். ஒரே ஒரு விலங்கு போனதுபோல் ஒற்றை வரிசையைப் பார்த்துப் பார்த்து நடந்தவர்கள், விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே அது திடீரென்று பல வரிசைகளாகப் பிரிவதைப் பார்த்து வாயடைத்து நின்றதை நான் பார்த்தேன், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். விலங்கு கண்ணில் படவே இல்லை, அதில் எனக்குத் துளியும் குறையில்லை.

வழிகாட்டியின் தகுதியைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் லூயி லீபன்பெர்க் 1990களில் தொடங்கிய சைபர்டிராக்கர் என்ற தடமறிவோர் தேர்வு இப்போது பல நாடுகளில் நடக்கிறது. புத்தகத் தேர்வு இல்லை, தரையில் கிடக்கும் நிஜத் தடத்தைக் காட்டி, யாருடையது, எந்தக் கால் என்று கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் உள்ளவர்களோடு நடந்ததில் வித்தியாசம் தெரிந்தது. பெயரை உடனே சொல்லிவிடுவதில்லை. "முதலில் எந்தக் கால், சொல்லுங்கள்" என்று உட்காரவைத்துவிடுவார்கள், முட்டி பனியில் நனையும்வரை. சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் இருக்கிறார்கள், வேட்டைக்காவல் பார்த்த, காட்டிலேயே வேலை செய்த ஆட்கள், அவர்கள் கொஞ்சமாகத்தான் பேசுவார்கள், கூடவே நடந்து பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மோசமான அனுபவமும் உண்டு. "விலங்கு பார்ப்பது உறுதி" என்கிற மாதிரி விளம்பரம் செய்த ஒரு அமைப்பு, பெரிய கூட்டமாக எங்களைச் செம்மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் சரிவுக்குள்ளேயே நடத்திக்கொண்டு போனது. மான்கள் எழுந்து, வயிறுவரை பனியில் புதைந்து புதைந்து மேலே ஓடின. கூட இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். செம்மான் குளிர்காலத்தில் இதயத்துடிப்பையும் கை கால் வெப்பத்தையும் குறைத்துக்கொண்டு, இருக்கிற கொழுப்பை வைத்து வசந்தம்வரை தள்ளும் விலங்கு, அதை அப்படி ஓடவிடுவது அதன் சேமிப்பைப் பிடுங்குவதுதான். க்ரௌஸ் என்ற கோழியினப் பறவைகளும் அப்படியே, பகலின் பெரும்பகுதியைப் பனிக்குள் தோண்டிய குழியில் கழிப்பவை, குளிர்கால விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி கிளப்பிவிடும் இடங்களில் அவற்றின் மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது என்று சுவிஸ் ஆல்ப்ஸில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த நடை முடிந்ததும் எழுத்தில் புகார் கொடுத்தேன், பதில் வரவில்லை, திரும்ப அங்கே போகவும் இல்லை. விலங்கு தெரிவது உறுதி என்று யார் சொன்னாலும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஆறு பேருக்கு மேல் இருக்கும் குழுவும் வேண்டாம், பின்னால் வருகிறவருக்கு மிதிபட்ட தடம்தான் மிஞ்சும்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக அறிவிப்பார்கள். மூன்றாம் நிலை நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று தோன்றும், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நடக்கிறது. முப்பது டிகிரிக்குமேல் சாய்ந்த சரிவுகள்தான் முக்கிய ஆபத்து. காலையில் அறிவிப்பை எங்கள் முன்னாலேயே படித்து, இன்று அந்தப் பள்ளத்தாக்கு வேண்டாம், காட்டு ஓரமாகவே போவோம் என்று திட்டத்தை மாற்றிய வழிகாட்டிமேல் எனக்கு மரியாதை கூடியது, அன்று லின்க்ஸ் தடம் தேடும் நாள் என்று எல்லாரும் ஆசையாக வந்திருந்தும்.

கையில் என்ன வேண்டும்? மெல்லிய கையுறைமேல் தடித்த கையுறை, அளக்கவும் எழுதவும் மேலுறையை மட்டும் கழற்றினால் போதும். பேனா உறைந்துவிடும், பென்சில் கொண்டுபோங்கள். போனை உடம்போடு ஒட்டி உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல், நேர் மேலிருந்து ஒன்று, வரிசை முழுவதும் தெரிய ஒன்று. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலையும் மாலையும்தான் தடம் நன்றாக எழும்பித் தெரியும், உச்சிவேளையில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தாலும் காணாமல் போகும்.

வேகமாக நடந்து உச்சி தொட நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது, ஒரு முழுக் காலையில் அரைக் கிலோமீட்டர்கூடத் தாண்டாத நாட்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அரை நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நின்று நின்று பார்ப்பதால் குளிர் உடம்பில் இறங்கிவிடும். கற்கவேண்டும் என்று இருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் புது மலை தேடாமல், ஒரே வழிகாட்டியோடு ஒரே பள்ளத்தாக்குக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். போன வருடம் முயல் கடித்த அதே புதர் இந்த வருடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் தடங்களுக்கு நடுவே உள்ள தொடர்பு பிடிபடுகிறது. பதிவு செய்யும்போது தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் பனி பெய்து நின்று, கெட்டியான பழைய பனிமேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதுப்பனி கிடக்கிற காலைதான் வேண்டும். அதற்காக இரண்டு நாள் தள்ளிப்போடச் சம்மதிக்கும் வழிகாட்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.