கட்டிய விமானத்தை விற்க நாலு வழி

ஒஹாயோவில் நான் ஹாங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன விமானத்தளத்தில், வரிசையின் கடைசியில் ஆர்வி-6 என்ற சின்ன விமானம் ஒன்று நின்றிருந்தது. வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் கிட்டை, அதாவது நாமே கோத்துக் கட்டவேண்டிய பாகங்களின் தொகுப்பை, வாங்கி ஒரு பெரியவர் தன் வீட்டு கராஜில் ஒன்பது வருடம் உட்கார்ந்து கட்டியது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும்போது அவர் வெளியே ரிவெட் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்வார். உள்ளே குனிந்து இரும்புக் கட்டியை அண்டக்கொடுத்தது அவர் மனைவி. அப்படி ஆயிரக்கணக்கான ரிவெட். 78 வயதில் கண் பார்வை மங்கி, இனிப் பறக்க முடியாது என்றானதும் விற்றுவிடலாம் என்றார். அந்த முடிவுக்கு வர ஒரே நாள்தான் ஆனது. எப்படி விற்பது என்று தீர்மானிக்க எட்டு மாதம் ஆனது. கூடமாட அலைந்தவன் என்பதால் அவர் முன்னால் இருந்த நாலு வழிகளையும் நானும் உரசிப் பார்த்தேன்.

தொழிற்சாலையில் தயாரான பழைய செஸ்னா 172 விமானத்தை விற்பது, பழைய மாருதி கார் விற்பது மாதிரிதான். எந்த வருடம், எஞ்சின் எத்தனை மணி ஓடியது, பெயிண்ட் எப்படி என்று சொன்னால் விலை தானாக வந்து நிற்கும். வீட்டில் கட்டியதற்கு மாட்டுச் சந்தைக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் சுழி வேறு. விமானத்தின் உடலில் தீப்பிடித்தாலும் அழியாத ஓர் உலோகத் தகடு இருக்க வேண்டும், அதில் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த இடத்தில் வருவது கட்டியவரின் பெயர். முருகேசன் என்பவர் கட்டினால் தயாரிப்பாளர் முருகேசன்தான். அப்புறம் எத்தனை கை மாறினாலும் தகடு மாறாது.

இது வெறும் பெருமைக்கான விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது அப்படிக் கை மாறி வந்த ஒரு லாங்-ஈசி விமானத்தில். வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடம் ஒரு மாதிரி இருக்க, கட்டியவர் எரிபொருள் டேங்க் மாற்றும் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கைப்பிடி எட்டவில்லை, திருப்பினாலும் இறுக்கமாக இருக்கிறது என்று டென்வரும் ஒரு மெக்கானிக்கும் பேசியிருக்கிறார்கள். ஒரு வைஸ்-கிரிப் குறடை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. அப்படியே கிளம்பினார். பறக்கும்போது அந்த வால்வைத் திருப்பத் திரும்பியவர் தன்னை அறியாமல் வலது ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்புவது) மிதித்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு.

ஆகவே இந்த நாலு வழிகளையும் நான் எடை போட்டது ஒரே கேள்வியை வைத்து: ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று வாங்க வருபவர் கேட்டால் யார் பதில் சொல்வார்?

பெரியவர் முதலில் போனது புரோக்கரிடம். புரோக்கரால் நன்மை இல்லாமல் இல்லை. கண்டவன் போனை எடுக்க வேண்டாம், வாரக் கடைசியில் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டாம். பேரமும் பணப் பரிமாற்றமும் அவர் தலையில். பதினைந்து லட்சம் டாலர் ஜெட் என்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டு புரோக்கரிடம் கொடுப்பேன். ஆனால் வீட்டில் கட்டிய இரண்டு சீட்டு விமானத்தின் விலைக்கு அவர் கமிஷன் சோளப்பொரி. அந்தச் சோளப்பொரிக்கு ஏற்ற உழைப்புதான் கிடைக்கும். எங்கள் கதையில் அவர் விளம்பரத்தில் ‘ஆர்வி-6ஏ’ என்று போட்டுவிட்டார். ‘ஏ’ இருந்தால் மூக்குச் சக்கரம். பெரியவருடையது வால் சக்கரம். தரையில் ஓட்டுவதே வேறு வித்தை. இண்டியானாவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்த ஒருவர், ஹாங்கர் கதவு பாதி திறந்ததுமே வாலைப் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லித் திரும்பிப் போனார். மூன்று மாதம் அப்படி வீணானது.

கட்டியவர் இறந்துபோய், வீட்டில் யாருக்கும் விமானம் பற்றித் தெரியாது என்றால் புரோக்கர் ஒரு வழிதான். அப்போதும் அந்த மாடலை ஏற்கெனவே விற்றவராகத் தேடுங்கள்.

இரண்டாவது வழி, நாமே விற்பது. பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற இணையத்தளத்திலும், 1937 முதல் மஞ்சள் தாளில் வந்துகொண்டிருந்த ட்ரேட்-எ-பிளேன் என்ற விளம்பரப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் விளம்பரத்தைவிட முக்கியம் அதற்குப் பின்னால் நீங்கள் தயார் செய்து வைக்கும் கட்டு. எஞ்சின் மூடியைக் கழற்றி எடுத்த படங்கள், எல்லா லாக்புக்கின் (பறந்ததும் பழுது பார்த்ததும் குறித்த பதிவேடு) எல்லாப் பக்கமும், எடையும் சமநிலையும் போட்ட கணக்கு, கட்டும்போது எடுத்த புகைப்படங்கள். ‘ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ்’ என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தந்த, எப்படிப் பறக்கலாம் என்று வரையறுக்கும் தாள் கையில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அது விமானத்துக்குள் இல்லாமல் சட்டப்படி பறக்க முடியாது. தொலைந்திருந்தால் மறுபடி வாங்கும் வரை வியாபாரம் நிற்கும். பெரியவரிடம் ஒவ்வொரு இறக்கை விலாவுக்கும் தேதி போட்ட படம் இருந்தது. மூடிய இறக்கைக்குள் எட்டிப் பார்க்க வாங்குபவருக்கு அதைவிட நல்ல ஜன்னல் கிடையாது.

வாங்குபவர் ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் சடங்கு அது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள்; ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார்கள். லைக்கமிங் எஞ்சின் என்றால் கடைசியாக எப்போது பறந்தது என்ற கேள்வி கட்டாயம் வரும். அதில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேலே இருக்கிறது. மாதக் கணக்கில் சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்கும். பறப்பதை நிறுத்தி இரண்டு வருடம் யோசித்துவிட்டு விற்க வருகிறவர்கள் விலையைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த எட்டு மாதமும் வேறொரு விமானி மாதம் இரண்டு முறை எடுத்துப் பறந்ததால் பெரியவர் தப்பித்தார்.

நாமே விற்பதில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ‘ரிப்பேர்மேன்’ சான்றிதழ் கிடைக்கும். வருடாந்திரச் சோதனையை அவரே செய்து கையெழுத்திடலாம். விமானத்தை விற்றாலும் அந்தச் சான்றிதழ், விமானத்தை வாங்கியவருக்குப் போகாது. வாங்கியவர் தானே பழுது பார்க்கலாம், மாற்றலாம், ஆனால் வருடாந்திரக் கையெழுத்துக்குப் பொதுவாக உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் போக வேண்டும். இதைத் தெரியாமல் வருகிறவர்கள் நிறைய. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

மூன்றாவது வழி, பிரித்து விற்பது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இங்கே கிட்டத்தட்ட நிஜம். 160 குதிரைசக்தி எஞ்சின், புரோப்பெல்லர், ரேடியோ, திரைகள் எல்லாம் தனித்தனியாக, கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களிடம் போகும். மிச்சமுள்ள அலுமினியம் காயலான் கடைக்கு. இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பணத்துக்காகச் செய்வதில்லை. பயம்தான். தகட்டில் தன் பெயர் இருக்கிறது, நாளைக்கு யாராவது விழுந்தால் வழக்கு தன் வீட்டுக்கு வரும் என்ற பயம். வாங்குபவர் ‘வழக்குப் போட மாட்டேன்’ என்று கையெழுத்திட்டாலும், அவர் குடும்பத்தை அது கட்டுப்படுத்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து அந்தத் தாளை எழுதி வாங்குவது, ஒன்பது வருட உழைப்பை ரம்பத்தால் அறுப்பதைவிட மலிவு என்பது என் கட்சி. பெரியவர் ரம்பத்துக்குப் புது பிளேடே வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி அதை எங்கோ ஒளித்துவிட்டார்.

இரண்டு இடத்தில் மட்டும் பிரிப்பது சரி: விபத்தில் அடிபட்டது, அல்லது கட்டிய வேலையே மோசம் என்று தெரிந்தது. தெரிந்தே கெட்ட விமானத்தை முழுசாக விற்பது பாவம். முழு விமானமாக விற்பதைவிடச் சாமானாக விற்றால் கூடுதல் காசு வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள், பொட்டலம் கட்டவும் அனுப்பவும் போகும் ஒரு வருடத்தையும், அந்த வருடத்துக்கான ஹாங்கர் வாடகையையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாலாவது வழி, தானம். ஏதாவது அருங்காட்சியகத்துக்கோ தொழிற்பள்ளிக்கோ கொடுத்து வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் அமெரிக்க வரித்துறை பார்க்கும். வாங்கிய அமைப்பு விமானத்தைப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், அவர்கள் விற்ற தொகைக்கு மேல் பொதுவாக நீங்கள் கழிக்க முடியாது. அவர்களே வைத்துப் பயன்படுத்தினால், 5,000 டாலருக்கு மேல் மதிப்புச் சொல்ல, தகுதியான மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். மனநிறைவுக்காகக் கொடுப்பதென்றால் தாராளமாகக் கொடுங்கள்.

கடைசியில் பெரியவர் தானே விற்றார். இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கேட்ட விலைக்கு மேல் 4,000 டாலர் தருகிறேன், இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வால் சக்கர விமானம் ஓட்டிய அனுபவம் இல்லை. இன்னொருவர் விலையைக் குறைத்துக் கேட்டார், ஆனால் பயிற்சியாளருடன் பத்து மணி நேரம் பறந்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றார். வீட்டில் கட்டிய விமானங்களின் 2011ஆம் வருட விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் சொந்தமாகக் கட்டாமல் பழையதாக வாங்கப்பட்டவை என்று தெரிந்தது. அதை நான் பெரியவரிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. துண்டுக்குள் விரல் பிடிக்காத குறையாக அரை மணி நேரம் பேசி, இரண்டாமவருக்கே முடித்தார். அன்று மதியம் முழுக்க இரண்டு பேரும் எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதுமாக இருந்தார்கள். இன்றைக்கும் ஏதாவது புரியாவிட்டால் அவர் போன் செய்கிறார். அந்த அழைப்பு வந்தால் பெரியவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறாராம்.

பணம் எஸ்க்ரோ வழியாக, அதாவது வியாபாரம் முடியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் மூன்றாம் ஆள் வழியாக, வந்தது. கடன் எதுவும் பாக்கியில்லை என்று பதிவேட்டில் பார்த்தாயிற்று. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆயிற்று. மிச்சம் ஒரே ஒரு வேலை. விற்றவர் தன் பழைய பதிவு அட்டையின் பின்பக்கத்தை நிரப்பி, 21 நாளுக்குள் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். மறந்தால் பதிவேட்டில் விமானம் உங்கள் பெயரிலேயே கிடந்து தலைவலி தரும். பெரியவர் மறக்கவில்லை. நிரப்பிய அட்டையை உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, இருபதாம் நாள் வரை மேசை மேல் வைத்திருந்தார்.