ஊட்டியில் 'துரை பங்களா' ரோலைஃபிளெக்ஸ் விற்கிறார்கள், உஷார்

ரோலைஃபிளெக்ஸ் மாதிரி பழைய ஜெர்மன் கேமரா தேடி ஊட்டி, குன்னூர் பக்கம் வருகிறவர்கள் கவனத்துக்கு. "1929-ல வந்த முதல் ரோலைஃபிளெக்ஸ் சார். எஸ்டேட் துரை 47-ல ஊருக்குப் போறப்ப பங்களாவிலேயே விட்டுட்டுப் போனது. அப்புறம் யாரும் கை வைக்கல" என்று சொல்லி ஒருவர் என்னிடம் 60 ஆயிரம் ரூபாய் வாங்கினார். அவர் கொடுத்தது ரோலைகார்ட். அதே கம்பெனி 1933 முதல் விலை குறைத்து விற்ற ரகம். பெயர்த்தகடு மட்டும் வேறொன்றிலிருந்து கழற்றி ஒட்டியது.

ஃபிலிம் சுற்ற கிராங்க் (மடக்குக் கைப்பிடி) இல்லையே என்று கேட்டதற்கு, "முதல் மாடலுக்குத் திருகுதான் சார், கிராங்க் பின்னாடிதான் வந்துச்சு" என்றார். அது உண்மை! பாதி சரித்திரத்தைச் சுத்தமாகச் சொல்வார். பின்மூடியைத் திறக்கப் போனால்தான் பதறுவார்: "உள்ள துரை போட்ட ரோல் இருக்கு, வெளிச்சம் பட்டா போச்சு. வீட்ல போய்க் கழுவிப் பாருங்க, என்ன படம் வருதோ!" ஆள் கில்லாடி.

ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். இருட்டறையில் ரோலை எடுத்தவர், ஃபிலிமோடு சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏன்டா, இது நம்ம ஃபேக்டரியோட 'இந்து' பிராண்ட் ரோல். ஃபேக்டரில உற்பத்தி தொடங்குனதே 67-லதான். துரை ஆவியா வந்து மாட்டுனாரா?"

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1929 மாடல் 117 என்ற அளவு ஃபிலிமுக்குச் செய்தது, ரோலுக்கு ஆறே படம். இதுவோ 120 ரோல், 12 படம். அதில் இருந்தது டெஸ்ஸர் லென்ஸ், இதில் க்ஸெனார். ஜன்னலோரம் சாய்த்தால் லென்ஸில் ஊதா மினுக்கம் தெரிகிறது, எதிரொளியைக் குறைக்கப் பூசும் பூச்சு அது. அந்தப் பூச்சு முறையையே ஜெர்மன் லென்ஸ் கம்பெனியான ஸைஸ் (Zeiss) கண்டது 1935-ல்தான். போதாததற்கு முதல் மாடலில் இல்லாத, ஃப்ளாஷ் வயர் செருகும் துளை வேறு. பெரியப்பா கணக்கில் இது 1950-களின் சரக்கு. "பனி ஈரம், துடைச்சா போயிடும்" என்று சொன்ன மங்கல், டார்ச் அடித்தால் வலைபோல் ஓடும் பூஞ்சை. கண்ணாடியையே அரித்திருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பழைய சாமானுக்கு ஏது சார் கேரண்டி?" அதன்பின் போனே எடுப்பதில்லை. ரசீதும் தரவில்லை. ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் கோத்தகிரி நண்பர் ஒருவருக்கும் கேமரா ஒன்று காட்டப்பட்டிருக்கிறது. பங்களா மட்டும் வேறு. உள்ளே ரோல் இருக்கிறதாம், திறக்கக் கூடாதாம்.