முழங்கை மூட்டு மாத்துறீங்களா? ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க

பாளையங்கோட்டையில ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி. பேர் போடலை. எங்க ஆச்சிக்கு அங்கதான் முழங்கை மூட்டு மாத்தினாங்க.

ஆச்சிக்கு ஆலங்குளம் பக்கம் ஊர், எழுபது தாண்டியாச்சு. வாசல் தெளிக்கையில வழுக்கி விழுந்ததுல மேல்கை எலும்போட கீழ்முனை நொறுங்கிப்போச்சு. எலும்பு மெலிஞ்ச வயசுல அந்த இடத்துல ஸ்க்ரூ பிடிமானம் இல்லாம போகலாம், அதனால மூட்டையே மாத்துறது உண்டு. 2009-ல் வெளிவந்த கனடா ஆய்வு ஒண்ணுல, பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்க ஸ்க்ரூ போட்டு வைக்கிற தகடு) வைக்கிற குழுவுல சேர்த்த முதியவங்கள்ல கால்வாசிப் பேருக்கு ஆபரேஷன் மேஜையிலேயே மூட்டு மாத்த வேண்டி வந்திருக்கு. அதனால ஆபரேஷனே ஏமாத்துன்னு நான் சொல்லலை.

இந்த மூட்டு ஒரு கீல். ரெண்டு பக்கமும் நீளுற தண்டுகளை எலும்புக்குள்ள செருகி சிமெண்ட் வைக்கிறாங்க. பாரம் ஏறினா ஆடிப்போகும். அந்தக் கையால ஒரு தடவை தூக்குறதுன்னா 4.5 கிலோ, அடிக்கடின்னா அதைவிடக் கம்மி, அதுவும் ஆயுசு பூரா. வழக்கமா டாக்டர்கள் சொல்ற அளவு இதுதான். எங்ககிட்ட சொன்னது, "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பழையபடி வேலை பார்க்கலாம்." பழையபடின்னா தெருக்குழாய்ல குடம் தூக்குறது. நிறைகுடம் பத்து கிலோவுக்கு மேல இருக்கும். "தூக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்யா தூக்கப்போறேன்?"னு ஆச்சி கேக்குறதுக்கு என்ன பதில் சொல்ல?

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் பீடி சுத்தவும் வரலை. முழங்கைக்குப் பின்னால ஓடுற நரம்பு பாதிக்கப்படலாம்னு முன்னாடியே சொல்லணும். கையெழுத்து வாங்கின படிவம் முழுக்க இங்கிலீஷ்.

வலி கூடவும் வேற டாக்டர்கிட்ட காட்டினோம். எக்ஸ்ரேயில தண்டு தளர்ந்திருக்கு. திரும்ப மாத்தணும்னா எந்தக் கம்பெனி, என்ன மாடல்னு தெரியணும்னார். டிஸ்சார்ஜ் சம்மரியில அது இல்லை. பில்லுல மட்டும் 'இம்போர்ட்டட்'னு பெருந்தொகை. கம்பெனி, மாடல் போட்டு மூட்டுப் பெட்டியில வர்ற ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியில கேட்டா, "அதெல்லாம் பேஷண்டுக்குக் குடுக்கிறதில்ல தம்பி." முன்னாடி விலையைக் கேட்டப்ப, "கவர்மெண்ட் ரேட்டுதான்"னாங்க. 2017-ல் அரசு விலை உச்சவரம்பு வச்சது முழங்கால் மூட்டுக்கு, முழங்கைக்கு இல்லை!

கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கணும்னு 2002 மருத்துவ நெறிமுறை விதியில இருக்கு. அதைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, நகல்ல சீல் வாங்கியிருக்கேன். கெடு முடிஞ்சாச்சு. ரெக்கார்டு ரூம் ஆள் லீவாம்.