ஷிட்ஸூ நாய் வச்சிருக்கீங்களா, மொதல்ல இந்த ஸ்டீல் சீப்ப வாங்குங்க

ஒரு சீப்புக்குப் போயி இவ்ளோ பெரிய ரிவ்யூவான்னு கேப்பீங்க, கேளுங்க பரவால்ல. 450 ரூபா சீப்பு இது. இத வாங்குறதுக்கு முன்னாடி எங்க பஞ்சுவோட முடிக்கு நான் அழுத காச கணக்கு போட்டா வயிறு எரியும். ஷாம்பூ, கண்டிஷனர், ரெண்டு பிரஷ், அப்புறம் ரப்பர் க்ளவுஸ் மாதிரி ஒண்ணு, அத மாட்டிக்கிட்டு தடவுனா போதும்னு வீடியோல காமிச்சாங்க, தடவுனேன், அவன் சொகமா தூங்குனான், அவ்ளோதான் நடந்துச்சு.

பஞ்சு ஷிட்ஸூ, ரெண்டு வயசு ஆகப் போகுது, 6 கிலோ, சென்னை. வாங்கும்போது "முடியே கொட்டாது மேடம்"னு சொல்லித்தான் குடுத்தாங்க. கொட்டும். ஆனா லேப்ரடார் மாதிரி சோபாவுலயும் தரையிலயும் விழாது, உதிர்ந்த முடி பக்கத்து முடியிலயே மாட்டிக்கிட்டு உள்ளயே சிக்காகி நிக்கும். அதுலயும் 10, 12 மாச வாக்குல குட்டி முடி போயி பெரிய முடி வரும் பாருங்க, அந்த ரெண்டு மூணு மாசம் காலைல சீவுனா சாயங்காலம் சடை விழுந்திருக்கும். இத யாரும் எனக்கு சொல்லல.

நானும் தெனமும் பிரஷ் பண்ணிட்டுத்தான் இருந்தேன், சத்தியமா. ஸ்லிக்கர் பிரஷ், அதான் வளைஞ்ச கம்பி கம்பியா இருக்குமே அது. மேல பாத்தா பட்டு மாதிரி பளபளன்னு இருப்பான். பார்லர்ல விட்டுட்டு வந்தேன், திரும்பப் போயி பாத்தா மொட்டை! தலையும் வாலும் மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஒட்ட எடுத்துட்டாங்க, அம்மா பாத்துட்டு "பழனிக்குப் போயிட்டு வந்த புள்ளையாட்டம் இருக்கான்"னாங்க. நான் சண்டை போடலாம்னு வாயத் தொறந்தேன், அந்தப் பையன் எடுத்த முடிய அப்படியே காமிச்சான், ஒரே துண்டா, கம்பளி மாதிரி கெட்டியா இருந்துச்சு. மேல அரை இஞ்ச் பட்டு, அடியில பூரா கம்பளி. என் பிரஷ் இத்தன நாளும் மேலோட்டமா மட்டும் போயிட்டு வந்திருக்கு.

அந்த அளவுக்கு தோலோட ஒட்டிட்டா எடுக்குறத தவிர வேற வழி இல்ல, மெஷின்ல 10ம் நம்பர் பிளேடு போட்டா ஒண்ணரை மில்லிமீட்டர் முடி தான் மிச்சம் இருக்கும், இழுத்து இழுத்து சிக்கெடுத்தா நாய்க்குத்தான் வலி. அது வரைக்கும் அவங்க செஞ்சது சரி. ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? அக்குள்ல பிளேடு சூட்டுல செவந்து போயிருந்துச்சு, அதையும் சொல்லல, வீட்டுக்கு வந்து அவன் நக்கிட்டே இருந்தப்பதான் பாத்தேன். அதுக்கு மேல பில்லுல சிக்கெடுக்க 300 ரூபான்னு தனியா போட்டிருந்தாங்க. எந்த சிக்க எடுத்தீங்க, மொத்தமா செரைச்சுட்டீங்களே!

சரி சீப்புக்கு வரேன். இது பாக்க ஒண்ணுமே இல்ல, கைப்பிடி கூட கெடையாது, ஏழரை இஞ்ச் நீளத்துக்கு ஒரு ஸ்டீல் தண்டு, பாதி தூரம் பல்லு இடைவெளி விட்டு, மீதி பாதி நெருக்கமா. கடையில கிரேஹவுண்ட் சீப்புன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. இதோட வேலை அழகு பண்றது இல்ல, கண்டுபிடிக்கிறது. பிரஷ் பண்ணி முடிச்சிட்டு மொதல்ல அகலப் பல்லு, அடுத்து நெருக்கப் பல்ல தோல்ல படுற மாதிரி வச்சு நுனி வரைக்கும் இழுக்கணும், எங்கயாவது நின்னுச்சுன்னா அங்க சிக்கு இருக்குன்னு அர்த்தம். எனக்கு மொத நாள் காதுக்குப் பின்னாடி ரெண்டு, ஹார்னஸ், அதான் நெஞ்சோட மாட்டுற பட்டை, அது உரசுற எடத்துல ஒண்ணு, தொடை இடுக்குல ஒண்ணு, எல்லாம் சுண்டக்கா சைஸ். முடி அப்ப ஒரு விரக்கடை தான் வளந்திருந்துச்சு, அதுக்குள்ளயே இவ்ளோ.

சிக்கெடுக்க கத்துக் குடுத்தது எங்கம்மா தான். நான் அடியிலேந்து சீப்ப விட்டு இழுக்க, அவன் வீல்னு கத்த, அம்மா சமையக்கட்டுலேந்து வந்து "ஏண்டி, ஒனக்கு நான் இப்படியா சிக்கெடுத்தேன்"னு சீப்ப புடுங்கிட்டாங்க. நாய் ஹாலுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொன்னவங்க! இடது கைல சிக்குக்கு அடியில, தோல் பக்கமா முடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க, இழுப்பு தோலுக்குப் போகாம. அப்புறம் நுனியிலேந்து கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு முடியா பிரிச்சு மேல வந்தாங்க. கடைசியா அடியில ஒரு பொரி அளவுக்கு செத்த முடி உருண்டையா வந்து விழுந்துச்சு. அவன் கண்ண மூடிட்டு படுத்திருந்தான், நான் தொட்டா மட்டும் முறைக்கிறான்.

தேங்காண்ணெய் தடவலாம்னும் அம்மா சொன்னாங்க, அதுக்கு மட்டும் நான் விடல, தூசி பூரா ஒட்டும், நக்கவும் செய்வான். தண்ணில ரெண்டு சொட்டு நாய் கண்டிஷனர் கலந்து ஸ்ப்ரே பண்ணிக்கிட்டா போதும், காஞ்ச முடிய சீவுனா பாதியில ஒடையும். அப்புறம் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சீவி முடிச்சிடணும். நான் ஒரு வருஷமா தலைகீழா செஞ்சிருக்கேன், குளிச்சா சிக்கு லேசாகும்னு நெனச்சு. தண்ணி பட்டா அது இன்னும் இறுகும், அரைகுறையா காஞ்சா கேக்கவே வேணாம். மழை சீசன்ல ஃபேன் காத்துல காயட்டும்னு விடாதீங்க, டிரையர கம்மி சூட்டுல வச்சு சீவிக்கிட்டே காய வைங்க. சப்ப மூஞ்சி நாய்ங்கிறதால சூடு தாங்காது, மூச்சு வாங்க ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. நம்ம ஷாம்பூவும் வேணாம், நம்ம தோல் கொஞ்சம் புளிப்பு பக்கம், அதுங்க தோல் அந்த அளவு இல்ல, வறண்டு சொறிய ஆரம்பிச்சிடும்.

கத்தரிக்கோல வச்சு சிக்க வெட்டலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. சிக்கு தோலையும் சேத்து மேல தூக்கிட்டு நிக்கும், எது முடி எது தோல்னு தெரியாது, தையல் போடற கதையாயிடும்.

கொறையும் இருக்கு. கைப்பிடி இல்லாததால பத்து நிமிஷத்துல வெரல் வலிக்குது. ஒரு தடவ மொசைக் தரையில விழுந்து ஓரத்துப் பல்லு வளைஞ்சு போச்சு, பிளையர வச்சு நிமித்துனேன், ஆனாலும் லேசா கோணல் தான். கண்ணுக்குக் கீழ இத ஓட்ட முடியாது, பெருசு, அதுக்கு பேன் சீப்பு சைஸ்ல குட்டியா ஒண்ணு தனியா வாங்கணும். கண்ணோரம் வர்ற அந்த செவப்புக் கறை எந்த சீப்புக்கும் போகாதுங்க, அது கண்ணீர்ல இருக்குற ஒரு நிறப்பொருள், ஈரத்துணில தொடச்சு காய வச்சா கம்மியாகும், திடீர்னு அதிகமாச்சுன்னா டாக்டர்கிட்ட காமிக்கணும்.

வாங்கும்போது பல்லோட நுனிய முழங்கைக்கு உள்பக்கம் ஓட்டிப் பாருங்க. நான் மொதல்ல 120 ரூபாய்க்கு வாங்குனது வெள்ளையா கோடு போட்டுச்சு, தூக்கிப் போட்டுட்டேன். இது கீறல, ஆறு மாசமா துருவும் புடிக்கல. இன்னொரு லாபம், உண்ணி இருந்தா நெருக்கப் பல்லுல தட்டுப்படும், போன மாசம் காதுக்கு அடியில ஒண்ணு அப்படித்தான் மாட்டுச்சு.

பார்லருக்கு இப்பவும் போறேன், வேற எடம், ஆறு வாரத்துக்கு ஒருக்கா, நகம், பாதத்துக்கு அடியில முடி, அடிப்பக்கம் இதுக்கெல்லாம் எனக்கு தைரியம் இல்ல. போறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு தடவ நெருக்கப் பல்ல ஓட்டிப் பாத்துடுவேன். போன தடவ பசங்க உடம்பெல்லாம் தடவிப் பாத்துட்டு சிக்கெடுக்க காசு போடல. தீபாவளிக்கு சட்டை போட்டு விட்டோம், ரெண்டு நாள்ல அக்குள்ல மறுபடி உருண்டை, அம்மா தான் உக்காந்து எடுத்தாங்க. பொங்கலுக்கு சட்டை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க.