இதழியல் படிக்க: டி ஆன்சா வழியா, நேரே சான் ஹோசே ஸ்டேட்டா?

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் பிள்ளை இதழியல் படிக்கிறேன் என்றால் இரண்டு வழி: டி ஆன்சா போன்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, இல்லையென்றால் நேரே சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்வது. வீட்டில் முதலில் போடுவது பணக்கணக்குதான். அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கலிஃபோர்னியாவாசிகளுக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர். இரண்டு வருடத்துக்கான 60 யூனிட்டும் சேர்த்து 2,760. சான் ஹோசே ஸ்டேட் போன்ற சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகங்களில் 2024-25இல் ஒரு வருட அடிப்படைக் கட்டணமே 6,084. எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர்களுக்கு இரண்டு பக்கமும் கட்டணம் எகிறும்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது, பிள்ளை எப்போது செய்தி எழுதத் தொடங்கும் என்பது. சான் ஹோசே ஸ்டேட்டின் ஸ்பார்ட்டன் டெய்லி 1934இலிருந்து வருகிற, பெயர் பெற்ற மாணவர் பத்திரிகை. ஆனால் பெரிய பல்கலைக்கழகப் பத்திரிகை என்றாலே சீனியர்களின் கைதான் ஓங்கியிருக்கும். டி ஆன்சாவின் லா வோஸ் மாதிரி கம்யூனிட்டி காலேஜ் பத்திரிகைகளில் சீனியர் என்று யாரும் இல்லை, எல்லோரும் முதல் இரண்டு வருடத்துக்காரர்கள். அதனால் கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் கூட்டத்துக்குப் போய்ச் செய்தி எழுதுவது போன்ற கனமான வேலையும் புதியவர் தலையில் விழும்.

அது நல்ல பயிற்சி. இப்படிப்பட்ட பொது அமைப்புகள் வெளிப்படையாகக் கூட வேண்டும் என்கிற கலிஃபோர்னியாவின் பிரௌன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே பொதுவில் வைத்தாக வேண்டும். அதில் கன்சென்ட் காலண்டர் என்று ஒரு பகுதி வரும். விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் மொத்தமாக நிறைவேறுகிற பட்டியல். எந்த ஒப்பந்தம், யாருக்கு, எவ்வளவு என்று அதற்குள் உட்கார்ந்து தேடப் பதினெட்டு வயதில் பழகுவதற்கு எந்தப் பாடப்புத்தகமும் ஈடில்லை.

குறையும் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் பத்திரிகை ஆசிரியர் பொறுப்பில் கை பழகுவதற்குள் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகிப் போய்விடுவார்கள். இன்டர்ன்ஷிப் வாங்கித்தரும் பழைய மாணவர் தொடர்புகளும் பல்கலைக்கழகத்தில்தான் அதிகம்.

மாற்றல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மாற்றலுக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் இதழியல் ஏஏ-டி பட்டம் சிஎஸ்யூவில் ஏதோ ஓரிடத்துக்குத்தான் உத்தரவாதம், கேட்ட வளாகத்துக்கு அல்ல. கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் என்ற பெயரைப் பார்த்து மீடியா என்று சேர்ந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் மேடைப்பேச்சும் கருத்துப் பரிமாற்றமும்தான். யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) ஆசை இருந்தால் இந்த வழி அவ்வளவு பொருந்தாது. அதன் பெர்க்லி வளாகத்தின் இதழியல் பள்ளியே முக்கியமாக முதுகலைக்கானது.

என் ஓட்டு கம்யூனிட்டி காலேஜுக்கு, ஒரு நிபந்தனையோடு. சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரிப் பத்திரிகையின் தளத்தைத் திறந்து பாருங்கள். கடைசிச் செய்தி போன செமஸ்டரில் நின்றிருந்தால், சரி, கூடுதல் பணம் போனாலும் நேரே சான் ஹோசே ஸ்டேட்டுக்கே விண்ணப்பித்துவிடலாம்.